அப்பாவின் கால் புண்ணும் ரத்தக்குழாய் ஸ்கேனும்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, இரண்டரை மாதமாக ஒரு புண். ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும். மருத்துவமனையில் சுற்றியிருந்த காய்ப்பையும் செத்த சதையையும் வெட்டி எடுத்தார்கள். அதற்கப்புறம் அடியில் சிவப்பாக, பொடிப்பொடியாகச் சதை வளர்ந்திருக்கிறது. ஆனால் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் ரத்தம் கசிகிறது. ‘ரத்தம் வருதுன்னா உள்ளே இன்னும் அழுகுதுன்னு அர்த்தம்’ என்கிறார் அத்தை. அப்பாவோ நுரைக்கிற மருந்தை ஊற்றிக் கழுவினால்தான் திருப்தி அடைகிறார். சர்ஜன் இப்போது காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எழுதியிருக்கிறார். புண் தோலில் இருக்கிறது, ரத்தக்குழாயை எதற்குப் பார்க்க வேண்டும்? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அப்பாவின் கண்ணில் புது ரத்தக்குழாய் வளரக்கூடாது என்று கண் டாக்டர் ஊசி போட்டு வருகிறார். கால் புண்ணில் புது ரத்தக்குழாய் வளர்ந்தால்தான் ஆறும் என்கிறார் சர்ஜன். இரண்டில் எது சரி? ரத்தக்குழாய் வளர வைக்கும் ஜெல் ஒன்று இருக்கிறது, வாங்கிவிடலாமா என்று தம்பி கேட்கிறான். அப்பா பீடியைக் குறைத்திருக்கிறார், இன்னும் விடவில்லை. - தஞ்சை மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். நுரைக்கிற அந்த மருந்தை, அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடை, இன்றோடு நிறுத்துங்கள். டாப்ளர் ஸ்கேனை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கண் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஜெல் வாங்குவதை ஸ்கேன் முடிவு வரும்வரை தள்ளிவையுங்கள்.

இப்போது அத்தையின் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பொடிப்பொடியான சிவப்புச் சதையை டிரெஸ்ஸிங் அறையில் கிரானுலேஷன் என்று சொல்வோம். அதில் தெரியும் ஒவ்வொரு பொடியும் புதிதாக முளைத்த நுண்ணிய ரத்தக்குழாய்களின் சிறு கொத்து. செத்த சதையை வெட்டி எடுத்த அன்று அந்த இடத்தில் இவை கிடையாது. புண்ணின் அடியிலும் ஓரத்திலும் மிச்சமிருந்த ரத்தக்குழாய்களிலிருந்து கிளைத்து, வெற்றிடத்துக்குள் வளர்ந்து வந்தவை. சுவர் மெல்லியது, சுற்றிப் பிடித்துக்கொள்ளும் செல்கள் இன்னும் சரியாக அமையவில்லை. அதனால் லேசாக உரசினாலே கசியும்.

ரத்தம் கசிகிறது என்றால் அங்கே ரத்தம் வந்து சேர்கிறது என்று பொருள். சர்க்கரைக் கால் புண்களைப் பார்க்கிற எங்களுக்கு அது நிம்மதி தருகிற காட்சி. எங்களைக் கவலைப்பட வைப்பது வேறு மாதிரிப் புண்: வெளிறிப்போய், மஞ்சள் படிந்து, கத்தியால் ஓரத்தைச் சீவினாலும் ஒரு சொட்டு ரத்தம் வராத புண். அப்பாவின் புண் அந்த நிலையில் இல்லை என்று உங்கள் வர்ணனையிலிருந்து தெரிகிறது. ஆனாலும் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். நல்ல கிரானுலேஷன் பளிச்சென்ற சிவப்பில் ஈரமாக, ஓரளவு கெட்டியாக இருக்கும். அது கருஞ்சிவப்பாகி, கொழகொழவென்று ஆகி, தொடாமலே ரத்தம் வடிந்து, வாடையும் அடித்தால் கிருமித் தொற்று இருக்கலாம். அப்போது ரத்தம் வருவதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உடனே காட்ட வேண்டும்.

கட்டைப் பிரிக்கும் விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: காஸ் துணி காய்ந்து புண்ணோடு ஒட்டியிருக்கும், ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுப்பார்கள். துணியின் இழைகளுக்கு இடையே புகுந்து வளர்ந்திருந்த புதுச் சதை அதோடு பிய்ந்து வரும். துணியைத் திருப்பிப் பார்த்தால் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். இரண்டு நாளாக வளர்ந்த ரத்தக்குழாய் நுனிகள்தான் அவை. அடுத்த தடவை சலைனை ஊற்றி, துணி நன்றாக நனைந்து ஊறும்வரை சில நிமிடம் விடுங்கள். தானாகக் கழன்று வரும். ஒட்டாத டிரெஸ்ஸிங் கிடைக்குமா என்று நர்ஸிடம் கேளுங்கள். ‘புண்ணைக் காயவிடு, காற்றுப்படட்டும்’ என்பது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வது. ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962-இல் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் ஏற்படுத்திப் பார்த்தபோது, காற்றில் காய விட்டவற்றைவிட ஈரம் போகாமல் மூடி வைத்தவற்றில் புதுத் தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகமாகப் படர்ந்தது. இன்றைய டிரெஸ்ஸிங்குகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஈரம் இருக்கட்டும், சொதசொதவென்று ஊறிப்போகவும் விடாதீர்கள்.

பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் பொங்கி வெளியே வருகிறது என்று தோன்றும். நம் செல்களிலும் ரத்தத்திலும் உள்ள ஒரு என்ஸைம் அதை உடைத்து ஆக்ஸிஜனாக்குவதால் வரும் நுரை அது. சுத்தமான புதுச் சதையில் ஊற்றினாலும் அதே மாதிரி நுரைக்கும். கிருமி எது, நேற்று முளைத்த ரத்தக்குழாய் செல் எது என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. சுத்தமாகச் சிவந்திருக்கும் புண்ணில் தினமும் அயோடின் கரைசலை ஊற்றுவதும் வேண்டாம். சலைன் போதும். மஞ்சள்தூள், காப்பித்தூள், பற்பசை எதையும் வைக்காதீர்கள். அத்தையிடம் அன்பாகவே சொல்லுங்கள், ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

சரி, ரத்தக்குழாய்க்கும் தோல் புண்ணுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் கேள்விகளில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். இது புரிந்தால் மற்றவை தானே விளங்கிவிடும்.

நம் உடம்பில் உள்ள எல்லா ரத்தக்குழாய்களின் உட்பக்கத்திலும் ஒரே ஒரு அடுக்காக எண்டோதீலியல் செல்கள் பதிந்திருக்கின்றன. மிக நுண்ணிய தந்துகிக் குழாய்களில் சுவர் என்று இருப்பதே ஏறக்குறைய இந்தச் செல்கள் மட்டும்தான். அந்தக் குழாய் ஒன்றின் அகலம் ஒரு சிவப்பணு நுழைகிற அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. ரத்தம் ஓடுகிற வெறும் குழாய் என்றுதான் இவற்றை வெகுகாலம் நினைத்திருந்தார்கள். புண் ஆறுவதில் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தச் செல்களுக்கு வேலை இருக்கிறது என்பது கடந்த அறுபது எழுபது வருடங்களில்தான் தெளிவாகியது.

தோல் கிழிந்த நொடியிலேயே வேலை ஆரம்பித்துவிடும். சாதாரண நாட்களில் இந்தச் செல்கள் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கின்றன. காயம் பட்டால் அந்த இடத்தில் மட்டும் நேர்மாறாக மாறி, உள்ளே சேமித்து வைத்திருக்கும் ஒட்டும் புரதத்தை வெளியே விடும். பிளேட்லெட்டுகள் அதில் பிடித்துக்கொண்டு ரத்தத்தை உறைய வைக்கும். அந்தச் சேமிப்புப் பைகளை 1964-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு எழுதியவர்கள் வைபல், பலாடே என்ற இரண்டு விஞ்ஞானிகள். அதே பையில் இன்னொரு புரதமும் இருக்கிறது. அது சில நிமிடங்களில் செல்லின் மேற்பரப்புக்கு வந்து, ரத்தத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களை லேசாகப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். வெள்ளணு சுவரோடு உருண்டு வந்து, நின்று, செல்களின் இடுக்கு வழியாகப் புண்ணுக்குள் இறங்கும். கிருமியை எதிர்க்க எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று வெள்ளணுவுக்குக் காட்டுவது இந்த உட்சுவர் செல்தான்.

மூன்றாம் நான்காம் நாளில்தான் புதுக்குழாய் முளைக்க ஆரம்பிக்கும். குழாய்கள் அறுந்துபோனதால் புண்ணின் நடுவில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். அந்தக் குறைவை உணர்ந்துகொள்ளும் ஏற்பாடு நம் செல்களில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக்ஸிஜன் போதாத செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். பக்கத்தில் உள்ள நல்ல ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை அது போய்ச் சேரும்.

அதற்கப்புறம் நடப்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அந்தச் செல்களில் ஒன்று முன்னே வரும். தன்னைச் சுற்றியிருக்கும் உறையைக் கரைத்து வழி செய்து, நூல் நூலான நீட்சிகளை நீட்டி, வி.இ.ஜி.எஃப். எந்தத் திசையில் அதிகமோ அந்தப் பக்கமாக நகரும். அதே சமயம், தன்னை ஒட்டியிருக்கும் செல்களுக்கு ‘நீ முன்னே வராதே’ என்ற சமிக்ஞையையும் கொடுக்கும். எல்லாச் செல்களும் ஒரேயடியாக முன்னே ஓடினால் குழாய் உருவாகாது, செல்கள் சிதறித்தான் போகும். பின்னால் நிற்பவை பெருகித் தண்டாக நீளும். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இன்னொரு முளையின் நுனியை இது சந்தித்தால் இரண்டும் இணையும், நடுவில் துளை விழும், ரத்தம் ஓட ஆரம்பிக்கும். அப்புறம் பெரிசைட் என்ற துணைச் செல்கள் வந்து குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கசிவு குறையும்.

இந்தக் குழாய்கள் கொண்டுவரும் ஆக்ஸிஜனையும் சத்தையும் வைத்துத்தான் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நாரைப் பின்னி பள்ளத்தை நிரப்புகின்றன. அப்படி நிரம்பிய தளத்தின் மேல்தான் ஓரத்திலிருந்து தோல் படர முடியும். அடியில் சிவப்புச் சதை வராமல் மேலே தோல் மூடாது. ‘தோல் ஏன் இன்னும் வரவில்லை’ என்று கேட்பவர்களுக்கு நான் தருகிற பதில் இதுதான்.

புண் ஆறிய பிறகு இந்தக் குழாய்களில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடும். ஆறுகிற புண்ணில் நல்ல தோலில் இருப்பதைவிடவும் அதிகமாகக் குழாய்கள் இருக்கும். வேலை முடிந்ததும் அவை குறைவதால்தான் சிவந்த தழும்பு சில மாதங்களில் வெளுத்துப்போகிறது.

இதில் சர்க்கரை எங்கே குறுக்கிடுகிறது? ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும். வருடக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் முதலில் அடிபடுவது ரத்தத்தோடு நேரடியாக உரசிக்கொண்டிருக்கும் இந்த உட்சுவர் செல்கள்தான். ரத்தக்குழாயை விரியவைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை அவை போதுமான அளவு உண்டாக்க மாட்டா. நுண்குழாய்களின் அடியில் உள்ள உறை தடித்துவிடும். ஆக்ஸிஜன் குறைவை உணர்ந்து வி.இ.ஜி.எஃப். சுரக்கும் ஏற்பாடும் மந்தமாகும். வெள்ளணுக்கள் வேலை முடிந்தும் போகாமல் புண்ணிலேயே தங்கி, முளைக்க வந்த செல்லையும் சேதப்படுத்தும். அதனால்தான் சர்க்கரைப் புண் வாரக்கணக்கில் ஒரே கட்டத்தில் நின்றுவிடுகிறது.

இதுவரை சொன்னது நுண்குழாய்களின் பிரச்சினை. அப்பாவுக்கு டாப்ளர் எழுதியது பெரிய குழாய்களைப் பார்ப்பதற்காக. நீங்கள் தஞ்சைப் பக்கம் என்பதால் இப்படிச் சொன்னால் சட்டென்று புரியும்: மேட்டூரிலேயே தண்ணீர் திறக்காமல் கடைமடை வாய்க்காலை எவ்வளவு தூர் வாரினாலும் வயலுக்குத் தண்ணீர் வராது. புண்ணில் எத்தனை புது நுண்குழாய் முளைத்தாலும், தொடையிலிருந்து முழங்கால் தாண்டிப் பாதத்துக்கு வரும் பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் அவற்றுக்கு ரத்தம் போதாது. முளைத்தவை வாடிப்போகும். கட்டையும் களிம்பையும் மாற்றி மாற்றிப் பார்த்து மாதங்களைக் கழித்துவிட்டு, விரல் கறுத்த பிறகு ஸ்கேனுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கட்டத்தில் எங்களால் செய்ய முடிவது குறைந்துவிடுகிறது. அதை நினைத்துத்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

‘அப்பாவுக்கு நடக்கும்போது கால் வலியே இல்லையே, அடைப்பு எப்படி இருக்கும்’ என்று உங்களுக்குத் தோன்றலாம். சர்க்கரைக்காரர்களிடம் வலி இல்லாததை நம்ப முடியாது. நரம்பு மரத்துப்போயிருக்கும், நடையும் குறைந்திருக்கும். இவர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களில் வருகிறது. பாதம் தொட்டால் சூடாக இருப்பதையும் நம்ப வேண்டாம்.

டாப்ளர் ஸ்கேனில் ஊசி கிடையாது, வலி கிடையாது. வயிற்று ஸ்கேன் மாதிரியே ஜெல் தடவிக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் எந்த இடத்தில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரியும். கூடவே கணுக்கால் அழுத்தத்தையும் கை அழுத்தத்தையும் அளந்து ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது என்று கொள்வோம். ஆனால் பல வருடச் சர்க்கரையில் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போகும். அப்போது கருவியின் பட்டையால் அதை அழுத்த முடியாமல் எண் 1.3, 1.4 என்று பொய்யாக ஏறிக் காட்டும். ‘எண் நன்றாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், கால் விரலின் அழுத்தத்தையும் அளந்தீர்களா என்று கேளுங்கள். விரலில் அது பாதரச அளவில் 30 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு, ரத்தக்குழாய் சர்ஜனை அவசரமாகப் பார்க்க வேண்டும். அடைப்பு இருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம், அல்லது மாற்றுவழிக் குழாய் வைக்கலாம். அதற்கு முன் எடுக்கும் ஆஞ்சியோகிராமில் சாய மருந்து செலுத்துவார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் அவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளின் பெயர்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய், இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

அடைப்பே இல்லை என்று வந்தாலும் ஸ்கேன் வீணில்லை. கவனம் முழுவதையும் அழுத்தத்தின் மேல் வைக்கலாம் என்று அப்போது தெரிந்துவிடும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கண்ணும் காலும் பற்றிய உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. இரண்டு டாக்டர்கள் சொன்னதும் சரி. சர்க்கரையில் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட்டு, அங்கே ஆக்ஸிஜன் குறைந்து, வி.இ.ஜி.எஃப். அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதனால் கண்ணுக்குள் வேண்டாத இடத்தில் கசியும் குழாய்கள் வளர்ந்து, உடைந்து, பார்வையை மறைக்கின்றன. கண்ணில் போடும் ஊசி அந்த வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கிறது. காலிலோ அதே புரதம் தேவையான நேரத்தில் போதவில்லை. ஒரே உடம்பில் ஓரிடத்தில் கூடுதல், இன்னோரிடத்தில் குறைவு.

இந்த ஊசி கால் புண்ணைப் பாதிக்குமா? உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது. பெவசிசுமாப் என்ற மருந்து வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுப்பதற்காகவே உண்டானது. புற்றுநோய்க்கு அதை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும்போது காயம் ஆறுவது தாமதமாகிறது. அதனால் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் குறைந்தது 28 நாள், காயம் முழுதாக ஆறும்வரை, அதைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அங்கே உடல் எடையைப் பொறுத்து நூற்றுக்கணக்கான மில்லிகிராம் போகிறது. கண்ணில் போடுவது வழக்கமாக 1.25 மில்லிகிராம். அதில் சிறு பகுதிதான் ரத்தத்தில் கலக்கும். ஊசியை விட்டால் பார்வை போகும் ஆபத்து நிஜமானது. அதனால் நிறுத்த வேண்டாம். ஆறாத கால் புண் இருப்பதைக் கண் டாக்டரிடமும், கண்ணில் ஊசி போடுவதைச் சர்ஜனிடமும் சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தால் இருவருக்கும் வசதி.

தம்பி சொன்ன ஜெல்லைப் பற்றி. வளர்ச்சிக் காரணி கொண்ட ஜெல் உண்மையிலேயே இருக்கிறது. பி.டி.ஜி.எஃப். என்ற புரதம் கொண்ட ஜெல்லுக்குச் சர்க்கரைக் கால் புண்ணுக்காக 1997-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ரத்த ஓட்டம் போதுமான அளவு உள்ள, சுத்தமான, செத்த சதை நீக்கிய புண்களுக்கு என்றுதான் அந்த அனுமதி. அதில்கூடப் பலன் நடுத்தரமானதுதான். வி.இ.ஜி.எஃப்.-ஐ மட்டும் தடவிப் பார்த்த முயற்சிகள் வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. அது மட்டும் கிடைத்தால் முளைக்கும் குழாய்கள் கசியும் குழாய்களாகவே நின்றுவிடும். முளைக்கச் சொல்லும் புரதம், தண்டைப் பலப்படுத்தும் புரதம், துணைச் செல்லை அழைக்கும் புரதம் எல்லாம் அதனதன் நேரத்தில் வர வேண்டியிருக்கிறது. தம்பியின் அக்கறையைப் பாராட்டுகிறேன். ஆனால் ஜெல்லுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் ஸ்கேனுக்கும் சரியான செருப்புக்கும் செலவழியுங்கள். சர்ஜன் தேவை என்று சொன்னால் அப்புறம் வாங்கலாம். ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று யாராவது விலை சொன்னால் சர்ஜனைக் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். அப்பா அந்தக் காலை ஊன்றி நடக்கிறாரா? பெருவிரலுக்குக் கீழே உள்ள அந்த மேடு, நடக்கும்போது உடம்பின் எடை குவியும் இடம். நுண்குழாயின் ரத்தம் தமனிப் பக்கத்தில் ஓடுவதே 30 மில்லிமீட்டரை ஒட்டிய அழுத்தத்தில்தான். வெறுங்காலில் ஒரு எட்டு வைத்தால் அதைப்போலப் பல மடங்கு அழுத்தம் அங்கே விழும். இரவெல்லாம் முளைத்த குழாய்கள் காலையில் பாத்ரூம் போகும் நடையிலேயே நசுங்கிவிடும். மரத்த கால் என்பதால் அப்பாவுக்கு அது தெரியவும் தெரியாது.

இதை உலகத்துக்குக் காட்டியதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களைப் பல வருடம் கவனித்தார். அவர்களின் சதையே கெட்டது, அது ஆறாது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரவச் செய்தால் அதே புண்கள் ஆறின. கெட்டுப்போயிருந்தது சதை இல்லை, வலி உணர்ச்சிதான் போயிருந்தது. இன்று சர்க்கரைக் கால் புண்ணுக்கு உலகெங்கும் போடும், பாதம் முழுவதையும் ஒட்டித் தொட்டிருக்கும் ‘முழுத்தொடு’ மாவுக்கட்டுக்கு அவரது அனுபவம் ஒரு முக்கிய அடித்தளம். அப்பாவுக்கு அந்தக் கட்டுப் பொருந்துமா என்று கேளுங்கள். ரத்த ஓட்டம் மிகக் குறைவாக இருந்தாலோ தொற்று இருந்தாலோ போட முடியாது, அதற்கும் ஸ்கேன் முடிவு வேண்டும். அதுவரை முன்பாதத்தில் எடை விழாதபடி அமைத்த செருப்பு, வாக்கர், வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. குதிகாலை மட்டும் ஊன்றி நடந்து பழகினால் போதும் என்று நினைக்காதீர்கள், மறந்து ஊன்றிவிடுவார்.

பீடி. குறைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பீடியும் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே குறைவாக வரும் ரத்தம் வெறுங்கையோடு வந்து திரும்புகிறது. புண் ஆறும்வரைக்குமாவது முழுதாக விடச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இதற்கு ஆலோசனையும் மருந்தும் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். முட்டையும் மீனும் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பது உண்மையில்லை. கொலாஜனுக்குப் புரதம் தேவை. முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எது முடியுமோ கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புண் ஆறுகிறதா இல்லையா என்பதைக் கண்ணால் மட்டும் கணிக்க முடியாது. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரே தூரத்திலிருந்து போட்டோ எடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் எழுதி வையுங்கள். சரியான கவனிப்பில் நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைந்தால் நல்ல போக்கு. குறையாவிட்டால் சிகிச்சையை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும். ஆறிய பிறகும் பாதம் கவனிப்பைக் கேட்கும். ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி புண் வருகிறது. தழும்புத் தோலுக்குப் பழைய பலம் முழுதாக வருவதில்லை. எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் வைத்த செருப்பு அப்போதும் வேண்டும். இடது பாதத்தையும் தினமும் திருப்பிப் பாருங்கள், இரண்டு கால்களுக்கும் ஒரே சர்க்கரைதான்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், பாதம் வீங்குதல், வாடை, விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுதல், படுத்திருக்கும்போது பாதத்தில் புதிதாக வலி, காரணமில்லாமல் சர்க்கரை ஏறுதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த டிரெஸ்ஸிங் நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் கணுக்கால் விகிதம், விரல் அழுத்தம், எந்தக் குழாயில் எத்தனை சதவீத அடைப்பு என்ற விவரங்களையும், மூன்று மாதச் சர்க்கரை சராசரியையும் கிரியாட்டினினையும் எழுதி அனுப்புங்கள். பலூன் சிகிச்சை, மாவுக்கட்டு இரண்டில் எதைப் பற்றி உங்கள் சர்ஜனிடம் என்ன கேட்க வேண்டும் என்று அதைப் பார்த்து எழுதுகிறேன்.